காய்ந்த நாலாவில் வெள்ள மட்டம்

வெள்ளம் வடிந்த இடத்துக்குச் சர்வே வேலை பழக வரும் பையன்கள் முதலில் ஆற்றைத்தான் பார்க்கிறார்கள். ஆற்றில் பார்க்க என்ன இருக்கிறது, வந்த தண்ணீர் போய்விட்டது. கரையோர முள்வேலியைப் பாருங்கள். பொதுக் கழிப்பறையின் பின்சுவரைப் பாருங்கள். பாலத்துக் கைப்பிடியில் சிக்கிய கந்தலைப் பாருங்கள். எச்.எஃப்.எல். என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறோமே, அந்த உச்ச மட்டம் கிடைப்பது அங்கேதான். 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு நீலக்கோடு, 100 ஆண்டு வெள்ளத்துக்குச் சிவப்புக்கோடு என்று மகாராஷ்டிரத்தில் வரைபடம் போடுகிறார்கள். அந்தக் கோடு சரியாக விழ வேண்டுமானால் சகதியில் ஸ்டாஃபை, அதாவது அளவுகோலைப் பிடித்து நிற்கிறவன் சரியான இடத்தில் நிற்க வேண்டும்.

நான் பழகியது அம்பர்நாத்தில், வால்துனிக் கரையில். காக்கோலே பக்கத்துக் குன்றுகளில் பிறந்து, 1060-இல் சிலாஹார மன்னர் காலத்தில் எழுந்த கருங்கல் சிவன் கோயிலை ஒட்டி ஓடி, உல்லாஸ்நகர் தாண்டிக் கல்யாண் பக்கம் கழிமுகத்தில் சேர்கிற சின்ன ஆறு அது. ஏப்ரலில் பார்த்தால் ஆறு என்றே சொல்ல மாட்டீர்கள். சாக்கடையும் சாயத்தண்ணீரும்தான் ஓடும். இங்கே பிறந்த பிள்ளைகளே அதை நாலா என்றுதான் சொல்கிறார்கள். ஜூலையில் குன்றுப்பக்கம் கருத்து இரண்டு மணி நேரம் கொட்டினால் அதே நாலா கோயில் வளாகத்துக்குள் ஏறிவிடும். காய்ந்து கிடப்பதை வைத்து ஓடையை எடை போடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் எனக்குத் தேவைப்படவில்லை.

கற்றுக்கொடுத்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் வளர்ந்தவர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. டம்பி லெவலில் குமிழியை நடுவில் நிறுத்த அவருக்கு மூன்று திருகல் போதும். டோட்டல் ஸ்டேஷன் கருவி வந்தபிறகும் ஸ்டாஃபைத் தானே போய் வாங்கி ஒருமுறை நட்டுப் பார்ப்பார். காலடி மண் அமுங்குகிறதா என்று பார்க்கிறாராம். உல்லாஸ் ஆற்றுக் கரையில் ஒரு பாலத்துக்குக் குறுக்குவெட்டு எடுத்தபோது, மரத்தில் ஒட்டிய சருகுக்குப் பையன் ஒருவன் பெயின்ட் அடிக்கப் போனான். அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, முன்பக்கம் பாக்காத. தண்ணி முட்டி ஏறியிருக்கும். பின்னால போ, அங்கதான் அது அடங்கி நின்னிருக்கும்." பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வரும் நீர் எதிர்ப்பட்டதில் மோதினால் 80 சென்டிமீட்டர் வரை ஏறும். முன்பக்கக் குப்பையை நம்பியிருந்தால் பாலம் அந்த அளவு வீணாக உயர்ந்திருக்கும்.

கிளைகளும் ஏமாற்றும். வெள்ளத்தில் வளைந்து கிடக்கும் வேலிக்கருவைக் கிளையில் பிளாஸ்டிக் பை சிக்கும். நீர் வடிந்ததும் கிளை நிமிர்ந்து பையை ஆள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். வளையாத அடிமரம், கம்பம், சுவர் இவற்றில் உள்ள குறியே குறி. சுவரிலும் ஈரக்கோடு வேறு, மண்கோடு வேறு. செங்கல் நீரை உறிஞ்சி மேலே இழுக்கும், ஆகவே ஈரத்தை விட்டுவிட்டு வண்டல் படிந்த கோட்டைப் பிடியுங்கள். அடுத்த மழை அதைக் கழுவிவிடும். அதற்குள் சிவப்பு ஆயில் பெயின்ட்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சிறுபாலமானால் மேல்பக்கம் ஒரு குறி, கீழ்ப்பக்கம் ஒரு குறி. மெத்தையும் மரக்கட்டையும் கண்ணை அடைத்திருந்தால் இரண்டுக்கும் முழங்கால் அளவு வித்தியாசம் இருக்கும்.

குறி அழிந்துபோன இடத்தில் ஆட்களைக் கேட்க வேண்டும். "எவ்வளவு தண்ணீர் வந்தது?" என்று கேட்டால் கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவார்கள். வீட்டு அம்மாவிடம், "அக்கா, அரிசி டப்பா எந்தத் தட்டில் இருந்தது, நனைந்ததா?" என்று கேளுங்கள். தட்டின் உயரத்தை நாமே அளந்துகொள்ளலாம். ஆண்டு குழம்பும். பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்று, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படகில் இறக்கினார்களே, அந்த மழையா அதற்கு முந்தியதா என்று கேட்டால் 2019 ஜூலை தனியாக வந்துவிடும், 2005 ஜூலை தனியாக வந்துவிடும். இன்னொன்று: நிவாரணம் கேட்கிற வீட்டில் மட்டம் ஓரடி கூடும், பிளாட் விற்கிற ஆள் சொன்னால் இரண்டடி குறையும். இரண்டையும் குறித்துக்கொண்டு மண்கோட்டைத் தேடுங்கள்.

பிறகு ஒரு கம்பெனியோடு ராஜஸ்தான், பார்மர் பக்கம் சாலைப் பாலங்களுக்கு மட்டம் எடுக்கப் போனேன். ஆண்டு மழை 300 மில்லிமீட்டரைத் தொடாத சீமை. 2006 ஆகஸ்டில் ஒரு வருஷ மழையைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு மூன்றே நாளில் கொட்டி, கவாஸ் கிராமம் மூழ்கியது. பாலைவனம்தானே, மணல் குடித்துவிடும் என்று நினைப்போம். அங்கே மண்ணுக்கடியில் ஜிப்சம் படுகை. நீர் இறங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் நின்றது. வேறு இடங்களில் மணல் உண்மையிலேயே குடிக்கும். மேலே ஆளை அடித்துப்போகும் வெள்ளம் நாற்பது கிலோமீட்டர் கீழே கணுக்காலை நனைத்துவிட்டு முடிந்துபோகும். ஆகவே அங்கே கேட்ச்மென்ட், அதாவது நீர்ப்பிடிப்புப் பரப்பு, பெரிதானால் வெள்ளமும் பெரிதாகும் என்று போட்டுவிடக் கூடாது. படுகையைத் தோண்டிப் பார்க்காமல் கணக்கைத் தொடங்கவும் கூடாது.

மழைமானியையும் பாதிதான் நம்பலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. பதிவானது, அதே நாளில் கொலாபாவில் 74 மி.மீ.கூட இல்லை. லே நகரில் 2010 ஆகஸ்டில் ஒரே இரவில் வந்த சேற்று வெள்ளம் இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அங்கிருந்த அரசு மழைமானி காட்டியது 12.8 மி.மீ. மேகம் சில கிலோமீட்டர் அகலத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும், மானி அந்தப் பக்கம் இருந்திருக்காது. பாலையிலும் மலையிலும் மானிகள் வெகு தூரத்துக்கு ஒன்றுதான்.

மணல் ஓடையில் இன்னொரு தொல்லை, வெள்ளத்துக்குப்பின் பார்க்கும் தரை வெள்ளத்தின்போது இருந்த தரை இல்லை. உச்சத்தில் மணல் அரித்துக் குழியாகும், வடியும்போது அதே மணல் வந்து நிரப்பிவிடும். நாம் மேல்தரையை வைத்துக் குறுக்குவெட்டுப் போட்டால் பரப்பு குறைந்துபோகும். இதற்கு ஒரு பழைய கைவேலை உண்டு. மழைக்கு முன்னால் படுகையில் குழிதோண்டி ஒரு இரும்புச் சங்கிலியைச் செங்குத்தாகப் புதைத்து மூடி, அடையாளத்துக்கு இரண்டு கரையிலிருந்தும் தூரம் அளந்து வையுங்கள். வெள்ளம் போனபின் தோண்டினால், அரிப்பு எட்டிய ஆழம்வரை சங்கிலி ஓட்டத்தின் திசையில் மடங்கிப் படுத்திருக்கும். அதற்குக் கீழே நிமிர்ந்து நிற்கும். மடங்கிய கணுவுக்கு லெவல் எடுத்தால் தீர்ந்தது. நல்ல சங்கிலியாகப் போடாதீர்கள், யாராவது தோண்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

சூத்திரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 5 கிலோமீட்டர் ஓடை, நூற்றுக்கு 4 சரிவு என்றால் கிர்பிச் கணக்குப்படி கடைக்கோடி நீர் நம்மிடம் வந்துசேர 47 நிமிடம் ஆகும். சாமான்களை மாடிக்கு ஏற்ற எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆனால் 10 சதுர கிலோமீட்டர் கேட்ச்மென்ட்டுக்கு நம் மேற்குமலைப் பக்கத்து இங்கிலிஸ் சூத்திரம் வினாடிக்குச் சுமார் 275 கனமீட்டர் தரும். மணிக்கு 60 மி.மீ. மழையும் 0.8 கெழுவும் வைத்து ரேஷனல் முறையில் போட்டால் 133 வரும். ஆபீஸில் உட்கார்ந்து இதற்குச் சண்டை போடலாம். நேரான ஒரு துண்டு ஓடையில் மண்கோடுகளைப் பிடித்து, சரிவும் பரப்பும் அளந்து போட்டால் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியும். அதிலும் படுகையின் கரடுமுரடைச் சொல்லும் மானிங்கின் 'என்' எண்ணை 0.035-க்குப் பதில் 0.05 என்று வைத்தால் ஓட்டம் முப்பது சதவீதம் இறங்கிவிடும். படுகையில் இறங்கி நடந்து, கல் எவ்வளவு, புதர் எவ்வளவு என்று பார்த்தவன்தான் அந்த எண்ணைப் போட வேண்டும். இங்கிலிஸைப் பார்மருக்குத் தூக்கிப்போகவும் வேண்டாம், அது இந்த மலையோரத்து ஆறுகளைப் பார்த்து எழுதியது.

இப்போது வால்துனிக்கு இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிக் கட்டடங்கள் நெருங்கிவிட்டன. 2005-இன் குறியைக் காட்டி, "இதற்குமேல் தளம் போட்டால் போதும்தானே அண்ணே?" என்று கேட்கிறார்கள். போதாது. அன்று அந்த மட்டத்துக்கு ஏறிய நீருக்குக் கரையில் பரவ இடம் இருந்தது. அதே மழை இன்று பெய்தால் அந்தக் குறியைத் தாண்டும். எவ்வளவு தாண்டும் என்பதைக் குறுக்குவெட்டைப் புதிதாக எடுக்காமல் நான் சொல்வதில்லை. மே மாதத்தில் கூப்பிடுங்கள், நாலா காய்ந்திருக்கும்போதே எடுத்துவிடலாம்.