மூச்சு வாங்கும் ஊர்

பொலிவியாவின் லா பாஸுக்கு விமானத்தில் போகிறவர்கள் ஊருக்குள் இறங்கித்தான் போக வேண்டும். விமான நிலையம் மேலே, எல் ஆல்ட்டோ சமவெளியில், 4,061 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து டாக்சி வளைந்து வளைந்து இறங்கினால் நகரின் மையம் சுமார் 3,600 மீட்டரில் வருகிறது. அவ்வளவு இறங்கியும் நுரையீரலுக்குப் பெரிய ஆறுதல் கிடைத்துவிடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதியின் இரண்டாம் மாடிக்கு ஏறியதும் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விடுதிக்கார அம்மாள் எதுவும் கேட்காமலே, கோக்கா இலைகள் மிதக்கும் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார். இந்த இலையை மெல்லும் உரிமைக்காக பொலிவியா ஐ.நா.வின் போதைப்பொருள் உடன்படிக்கையிலிருந்தே வெளியேறி, அந்த விதிவிலக்கோடு 2013-இல் மறுபடி சேர்ந்தது. எனக்கு அது லேசாகப் புல் வாசம் அடிக்கும் வெந்நீர். தலைவலிக்கு இதமாக இருந்தது. இந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், தேநீர் சூடாக இல்லையே என்று யாரிடமும் சண்டை போட முடியாது.

தனியாகப் போவதன் வசதி இந்த ஊரில்தான் நன்றாகத் தெரிந்தது. யாருடைய நடைக்கும் ஈடுகொடுக்க வேண்டியதில்லை. நினைத்த இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். நிற்கிற இடத்தில் எல்லாம் வேடிக்கை பார்க்கலாம். வட்டத் தொப்பியும் அடுக்கடுக்கான பாவாடையும் அணிந்த பெண்கள், முதுகில் வண்ணத் துணியில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி அதே ஏற்றத்தில் பேசிக்கொண்டே ஏறிப் போனார்கள். பேசிக்கொண்டே!

காலைச் சாப்பாடு சால்ட்டேனியா. இறைச்சியும் உருளைக்கிழங்கும் குழம்போடு உள்ளே அடைத்துச் சுட்ட பணியாரம். லேசான இனிப்பும் காரமும் உண்டு. அதை நிமிர்த்திப் பிடித்து, ஒரு முனையை மட்டும் கடித்து, முதலில் குழம்பை உறிஞ்ச வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் ஒரு சொட்டும் சிந்தாமல் சாப்பிட்டார்கள். மதியத்துக்குப் பிறகு தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

முரில்லோ சதுக்கத்தில் புறாக்களும் புகைப்படக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நிறைந்திருக்கிறார்கள். அரசியல் சாசனப்படி நாட்டின் தலைநகரம் சுக்ரே. ஆனால் 1899-இல் முடிந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு அரசாங்கமும் நாடாளுமன்றமும் இங்கே வந்துவிட்டன. அந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் கடிகாரம் 2014 முதல் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. எண்களும் திருப்பி எழுதப்பட்டிருக்கின்றன. பூமியின் தென்பாதியில் வெயில் கடிகாரத்தின் நிழல் அப்படித்தான் நகரும், வடக்கத்தியர் கணக்கை நாம் ஏன் ஏற்க வேண்டும் என்பது அரசின் வாதம். வாதம் சரிதான். மணி பார்க்கத்தான் எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள நல்ல இடம் சதுக்கம் அல்ல, கேபிள் கார். 2014-இல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தேசியக் கொடியின் நிறங்களில் மூன்று தடங்களோடு தொடங்கினார்கள். இப்போது பத்துத் தடங்கள். பழைய ரயில் நிலையத்தில் சிவப்புத் தடத்தில் ஏறினேன். என்னோடு சீருடை மாணவர்கள், தூங்கி வழியும் ஒரு காவலாளி, உருளைக்கிழங்கு மூட்டையோடு ஒரு பாட்டி. ஜன்னல் வழியே பார்த்தது நான் மட்டும்தான். கீழே பொதுக் கல்லறை: கல்லறைகள் மாடி வீடுகள் போல அடுக்கடுக்காக, ஒவ்வொன்றின் முன்னும் கண்ணாடிக் கதவும் பூவும். பிறகு சரிவெங்கும் பூசாத செங்கல் வீடுகள். தூரத்தில் இல்லிமானி சிகரம், 6,400 மீட்டருக்கு மேல், பனி மூடி.

மலையூர் என்றால் உயரத்தில் பணக்காரர் பங்களா கட்டுவார் என்று நாம் நினைப்போம். இங்கே தலைகீழ். குளிரும் காற்றுப் பஞ்சமும் உள்ள மேட்டில் கிராமத்திலிருந்து வந்த அய்மாரா பூர்வகுடி மக்கள்; இதமான பள்ளத்தில் வசதிக்காரர்கள். ஆனால் மேட்டில் இருப்பவர்கள் கையில் ஒரு துருப்பு எப்போதும் இருந்திருக்கிறது: ஊருக்குள் வரும் வழிகள் அவர்கள் பக்கம். 1781-இல் துப்பாக் கட்டாரியும் அவருடைய மனைவி பார்த்தோலினா சிசாவும் திரட்டிய அய்மாரா படை இந்த மேட்டின் விளிம்பில் அமர்ந்து, கீழே இருந்த ஸ்பானியர்களை மாதக்கணக்கில் பட்டினி போட்டது. இருவரையும் பிறகு கொன்றார்கள். 2003 அக்டோபரில், இயற்கை எரிவாயு ஏற்றுமதியை எதிர்த்து எல் ஆல்ட்டோ மக்கள் அதே வழிகளை மறித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். ஜனாதிபதி சான்செஸ் தே லொசாதா பதவி விலகி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். வரலாற்றுப் புத்தகத்தில் படித்தபோது தேதிகளாக இருந்தவை, விளிம்பில் நின்று கீழே பார்த்தபோது எளிய நிலவமைப்பாகத் தெரிந்தன. இங்கிருந்து கல்லை உருட்டினாலே போதும்.

வியாழனும் ஞாயிறும் எல் ஆல்ட்டோவில் சந்தை. கார் இன்ஜின், பழைய ஜீன்ஸ், கோழிக்குஞ்சு, காய்ந்த லாமா இறைச்சி எல்லாம் தெருத் தெருவாகப் பரந்து கிடக்கும். கம்பளி உறை ஒன்றுக்குப் பேரம் பேசினேன். என் ஸ்பானிஷ் எண்களைத் தாண்டாது. கடைக்கார அம்மாள் விலையில் இம்மியும் இறங்கவில்லை. கொசுறாக ஒரு ஆரஞ்சுப் பழத்தைத் திணித்து, போதும் போ என்று கையசைத்தார். சுற்றிலும் ஃப்ரெடி மமானி என்ற அய்மாரா கட்டடக் கலைஞர் பரப்பிய பாணியில், ஆரஞ்சும் பச்சையுமாகப் பளபளக்கும் மாளிகைகள். கீழ்த்தளத்தில் கடை, நடுவில் நடன மண்டபம், உச்சியில் முதலாளியின் வீடு. மேட்டுக்காரர்களிலும் பணக்காரர் வந்துவிட்டார்கள், ஆனால் அவர்கள் கீழே குடிபெயரவில்லை.

மாலையில் மஞ்சள் தடம், பிறகு பச்சை என்று தெற்குப் பகுதிக்கு இறங்கினேன். புல்வெளி, மதில், நாய்கள், நீச்சல் குளம். காப்பிக் கடையில் ஒரு கோப்பைக்குக் கேட்ட காசில் மேட்டில் இரண்டு வேளை சாப்பிட்டிருக்கலாம். படியேறி மாடியில் உட்கார்ந்தபோது மூச்சு வாங்கவில்லை. பணம் அதற்குத்தான் என்று தோன்றியது. காப்பி சுமார்தான்.