அத்தா விட்டுச்சென்ற காமிரா

நம் இல்லத்துக்கு வரும் இளைஞர் எவரும் கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்றே: "இது இன்னும் வேலை செய்கிறதா?"

கறுப்புத் தோல் போர்த்திய சிறு பெட்டி. முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்சுகள். பக்கவாட்டில் பிலிம் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. யாஷிகா மாட் 124ஜி என்பது அதன் பெயர். சிங்கப்பூரில் கடைச் சிப்பந்தியாக இருந்த நம் அத்தா, 1976ஆம் ஆண்டு 'சிதம்பரம்' கப்பலில் நாகப்பட்டினம் வந்திறங்கியபோது, சேலைகளுக்கும் தைலப் புட்டிகளுக்கும் நடுவே பொதிந்து கொண்டுவந்த பொருள் அது. அத்தா மர்ஹூம் ஆகிப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. காமிரா வேலை செய்கிறது.

எதனால் என்று நாம் சிந்தித்ததுண்டு. அதன் உள்ளே இருப்பவை பற்சக்கரங்களும் சுருள்வில்களும் மெல்லிய எஃகுத் தகடுகளுமே. கைப்பிடியைச் சுற்றினால் பிலிம் நகர்கிறது. அதே சுற்றில் வில்லும் முறுக்கேறுகிறது. விசையை அழுத்தினால் ஷட்டரின் தகடுகள் விரிந்து மூடுகின்றன. ஒரு விநாடி முதல் ஒரு விநாடியில் ஐந்நூற்றில் ஒரு பங்குவரை அந்தத் திறப்பை நாமே குறித்துக்கொள்ளலாம். இதில் எதற்கும் மின்சாரம் வேண்டியதில்லை. வெளிச்சத்தை அளந்து காட்டும் ஊசி ஒன்று மட்டும் பாதரச மின்கலத்தை நம்பியிருந்தது. சுற்றுச்சூழல் கேட்டை முன்னிட்டு அவ்வகை மின்கலங்கள் உலகெங்கும் கைவிடப்பட்டபோது ஊசி ஓய்ந்தது; காமிரா ஓயவில்லை.

ஒருமுறை குறைந்த வேகங்களில் ஷட்டர் திறந்தபடியே நின்றுவிட்டது. புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் கடிகாரம் பழுதுபார்த்துவந்த முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். திறந்து பார்த்தவர் சிரித்தார். "இதுவும் கடிகாரந்தான் தம்பி, மணி காட்டாத கடிகாரம்" என்றார். காய்ந்து பிசினாகிப்போன எண்ணெயைத் துடைத்தெடுத்து, ஊசி முனையில் ஒரு துளி கடிகார எண்ணெய் தொட்டு வைத்தார். அவ்வளவே. திறந்து பார்க்கக்கூடியதாகவும், பார்த்தால் விளங்கக்கூடியதாகவும், விளங்கினால் கையால் சீர்செய்யக்கூடியதாகவும் ஒரு பொருள் இருந்துவிட்டால், செய்தவனுக்குப் பின்னும் அது வாழ்கிறது என்பதை அன்று கண்டோம்.

அத்தா வெளிச்சம் அளக்க ஊசியை நம்பியவரும் அல்லர். கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். '125 வேக பிலிம், 125இல் ஒரு விநாடி: கடற்கரை மணல் 22, வெட்டவெளி 16, மேகமூட்டம் 8, தோப்பு 4.' லென்சின் துளையைக் குறிக்கும் எண்கள் இவை. எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். வெளிச்சம் மிகுந்த இடத்தில் சிறு துளை, குறைந்த இடத்தில் பெருந்துளை. 'தோப்பு' என்று அவர்கள் எழுதியது கீரமங்கலத்துக்கு அருகில் நமக்கிருந்த தென்னந்தோப்பை. நண்பகலிலும் ஓலைகளினூடே வெயில் காசு காசாகத்தான் விழும்.

2018 நவம்பர் 16 வெள்ளிக்கிழமை. விடியுமுன் 'கஜா' புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறி, நம் மாவட்டத்தின் தென்னைகளைச் சாய்த்துக்கொண்டு மேற்கே போயிற்று. மின்கம்பங்கள் முறிந்தன. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக உயிரிழந்தன. குவைத்தில் இருந்த நம் தம்பிக்கு நாங்கள் உயிரோடிருக்கும் செய்திகூட உடனே போய்ச் சேரவில்லை.

அலமாரியில் ஒரே ஒரு பிலிம் சுருள் இருந்தது. பன்னிரண்டு படங்கள். காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அன்னையாருடன் தோப்புக்குப் போனோம்.

உருவப்படம் பற்றி நம் பெரியோரிடையே கருத்து வேறுபாடு இருந்துவந்ததை வாசகர்கள் அறிவர். அன்னையார் பேணுதல் மிக்கவர்கள். ஹஜ்ஜுக்கான கடவுச்சீட்டுக்காகவன்றி எந்தக் காமிராவின் முன்னும் நின்றவர்கள் அல்லர். அத்தா கேட்டும் இணங்கியதில்லை. அன்று விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் அமர்ந்து, வெள்ளைத் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, தாமாகவே சொன்னார்கள்: "எடுத்துக்கொள் அத்தா. தோப்புப் போனதையும் அவன் பார்க்கட்டும். நான் இருக்கிறதையும் பார்க்கட்டும்."

பழக்கத்தால் நம் விரல் 4 என்ற எண்ணுக்குப் போயிற்று. போன விரல் அங்கேயே நின்றது. தலைக்குமேல் ஓலை இல்லை. நிழல் இல்லை. வெட்டவெளிக்குரிய 16ஐ வைக்க வேண்டியிருந்தது. 4க்கும் 16க்கும் இடையே வெளிச்சம் பதினாறு மடங்கு. நாம் இழந்ததின் அளவை வேறெந்தக் கணக்கும் அவ்வளவு துல்லியமாக நமக்குச் சொல்லவில்லை.

பன்னிரண்டில் மூன்று கை நடுக்கத்தால் கலைந்துபோயின. எஞ்சியவற்றை, ஸ்டூடியோவை மூடிவிட்டு வீட்டோடிருந்த அறந்தாங்கி நண்பர் ஒருவர் தம் சமையலறையையே இருட்டறையாக்கிக் கழுவித் தந்தார். அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. தம்பி கைப்பேசியில் அன்னையாரின் குரலைக் கேட்டு ஆறுதல் அடைந்திருந்தான். விரைவில் புதிய கருவியே வென்றது, அதை மறுப்பதற்கில்லை.

அடுத்த ரமளான் வருமுன் அன்னையார் வபாத்தானார்கள். விடுப்பில் வந்த தம்பி அந்த நெகட்டிவைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். வெள்ளைத் துப்பட்டி கறுப்பாகவும், வானமும் கறுப்பாகவும் தெரிந்தன. "பதினாறா வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டான். அத்தாவின் பட்டியலை அவனும் அறிவான்.

உதகையில் 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்டு 'இந்து' என்ற பெயரில் பிலிம் தந்த அரசுத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. பரோடாவில் செய்யப்பட்டு, நம் நாட்டு எளிய குடும்பங்களில் புழங்கிய அக்ஃபா கிளிக் காமிராவும் நினைவாகிவிட்டது. ஆயினும் இங்கிலாந்தின் இல்ஃபோர்டு நிறுவனம் இன்றும் இந்த அளவுப் பிலிமைச் செய்கிறது. கையால் பிலிம் சுற்றும் புதிய காமிரா ஒன்றைப் பெண்டாக்ஸ் நிறுவனம் 2024இல் வெளியிட்டது; அதை விரும்பி வாங்குவோரில் இளைஞர் பலர். பன்னிரண்டே படங்கள் என்னும்போது ஒவ்வொன்றுக்கும் முன் சற்று நிற்கிறோம். வீண்விரயம் கூடாதென்று நாம் பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதை இப்பெட்டி அவர்கள் கையில் வைத்துச் சொல்கிறது.

தோப்பில் மறுபடி கன்று வைத்தோம். ஆண்டுக்கு ஒருமுறை காமிராவுடன் போய் வருகிறோம். இவ்வாண்டு எண் 8 வரை இறங்கியிருக்கிறது. 'தோப்பு 4' என்று நம் பேரப்பிள்ளைகளில் ஒருவர் எழுதும் நாள் வரும், இன்ஷா அல்லாஹ். அன்றைக்கும் எவரேனும் கேட்பார்கள், இது இன்னும் வேலை செய்கிறதா என்று.