அந்த அம்மாவின் பூஜ்யம்

விருதுநகரில் ஒரு வீடு. கணவருக்குச் சிவகாசிச் சரக்கை வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் பட்டாசு ஏஜென்சி. ஆர்டர் எழுதுவது, பில் போடுவது, லாரி ஆபீஸுக்குப் போன் பேசுவது எல்லாம் மனைவிதான். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் அந்த அம்மா இரவு பன்னிரண்டுக்கு முன் படுத்ததே இல்லை. ஆனால் வரிக் கணக்கில் அவர் வருமானம்? பூஜ்யம்!

"என்னங்க, என் பேர்லதான் வருமானமே இல்லையே... எனக்குள்ள வரிவிலக்கை உங்க பேருக்கு மாத்திக்க முடியாதா?"

நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் முடியும். 2015 முதல், வருமானம் குறைந்தவர் தன் வரியில்லா வரம்பில் 1,260 பவுண்டைக் கணவருக்கோ மனைவிக்கோ மாற்றித் தரலாம். வருஷத்துக்கு 252 பவுண்டு வரை மிச்சம். ஜெர்மனியில் 1958 முதல் இருவர் வருமானத்தையும் கூட்டி, இரண்டாகப் பிரித்து வரி போடுகிறார்கள்.

இந்தியாவில் முடியாது. இங்கே ஒவ்வொருவரும் தனி ஆள். 1955 பட்ஜெட்டில் சி.டி. தேஷ்முக் மணமானவருக்கு 2,000 ரூபாய், மணமாகாதவருக்கு 1,000 ரூபாய் என்று வரம்பு வைத்ததுண்டு. பிறகு அந்த வேறுபாடு போய்விட்டது.

இதனால் என்ன நஷ்டம்? 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி கணக்குப் போடுவோம். கணவர் மட்டும் 16 லட்சம் சம்பாதித்தால் வரி 1,20,000. 4 சதவீத செஸ் சேர்த்து 1,24,800 ரூபாய். பக்கத்து வீட்டில் இருவரும் ஆளுக்கு 8 லட்சம் சம்பாதித்தால் தள்ளுபடி போக வரியே இல்லை. இரண்டு வீட்டுக்கும் வருவது அதே 16 லட்சம்தான்!

சரி, மனைவி பெயரில் பணத்தைப் போட்டு வைத்தால்? அன்பளிப்புக்கு வரி இல்லை. ஆனால் அதில் வரும் வட்டி கணவர் வருமானத்திலேயே சேரும். 1961 சட்டத்தின் 64ஆம் பிரிவு சொன்னது இது. 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் இதே கதைதான். அந்த வட்டியை மறுபடி முதலீடு செய்து வரும் வட்டி மட்டும் மனைவியுடையது. பிறந்த வீட்டில் போட்ட நகையை விற்று டெபாசிட் செய்தாலும் வட்டி அவருடையதே.

சம்பளம் கொடுத்தால்? சொந்தக் கடை என்றால் அதுவும் கணவர் கணக்கில்தான் ஏறும். மனைவிக்குத் தொழில்முறைத் தகுதி இருந்து, அந்த அறிவாலும் அனுபவத்தாலுமே சம்பளம் வந்தால்தான் விலக்கு. வேலையே செய்யாத மனைவிக்குச் சம்பளம் எழுதி வரியைக் குறைப்பவர்களைப் பிடிக்க வந்த விதி. உண்மையிலேயே உழைக்கும் இந்த அம்மாவும் அதில் மாட்டிக்கொண்டார். இருபது வருஷமாகப் பில் போட்ட அனுபவத்தைத் தகுதி என்று நிரூபிப்பது அவர் பாடு!

ஒருநாள் அவர் தன் பெயரில் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், வருமானம் எங்கே என்று கேட்பார்களே... அப்போது எதைக் காட்டுவார்?

உங்கள் வீட்டுக் கடையில் பில் போடுவது யார்? அவர் பெயரில் ஒரு ரூபாயாவது கணக்கில் இருக்கிறதா? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.