சமவெளிப் பிள்ளைகளும் செஞ்சி மலையும்



மடுகரையில் மலை இல்லை. நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் எனப் புதுவையின் கிராமப்புறத்தில் எங்கு நின்று பார்த்தாலும் நெல்லும் கரும்பும் தென்னையுமே கண்ணில் படும். எங்கள் மத்ரஸாவின் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஹிரா குகையையும் தௌர் குகையையும், உஹதில் வில்லாளர்கள் நிறுத்தப்பட்ட குன்றையும் பற்றித் தடையின்றிச் சொல்வார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஒரு குன்றின் மீதும் கால் வைத்ததில்லை. "ஹஜ்ரத், ஹிரா குகை நம்ம தண்ணித் தொட்டி உயரம் இருக்குமா?" என்று ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். ஜபலுந் நூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 640 மீட்டர் உயரம் என்று சொன்னோம். அந்த எண் அவனுக்கு எதையும் உணர்த்தவில்லை. ஏறிப் பார்க்காதவனுக்கு எப்படி உணர்த்தும்?

எங்கே அழைத்துச் செல்வது என்று ஆசிரியர்கள் மூவரும் கலந்து பேசினோம். ஏலகிரியில் சுவாமிமலைக்கு ஏறும் நல்ல பாதை உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு மையம் இருக்கிறது. கல்வராயன் மலையையும் ஒருவர் சொன்னார். இறுதியில் செஞ்சியைத் தேர்ந்தெடுத்தோம். காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம்; ராஜகிரியின் உச்சி வரை கற்படிகள் உண்டு; அடர்ந்த காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை; அடிவாரத்தை அடுத்தே ஊர் இருக்கிறது. முதன்முதலாக மலை ஏறும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நமக்கு அருகில் இல்லை என்பதே எங்கள் கருத்து.

பெற்றோரை அழைத்துப் பேசியபோது முதலில் எழுந்த சொல் "குரங்கணி". 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த அச்சத்தை ஈமானின் குறைவு என்று சொல்லி வாயடைக்க நாங்கள் விரும்பவில்லை. அது நியாயமான அச்சம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்குமாறு கற்பித்த மார்க்கம் நம்முடையது. ஆகவே அவர்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாக விடை சொன்னோம். குரங்கணி நிகழ்வுக்குப் பின் அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வனப்பாதைகளை வழிகாட்டிகளோடும் இணையவழி முன்பதிவோடும் திறந்தது. தீப்பருவத்தில் அவை மூடப்படுகின்றன. வனத்துறைப் பாதைகளுக்குச் செல்ல விரும்பும் குடும்பத்தினர் அந்த ஏற்பாட்டின் வழியாகவே செல்ல வேண்டும். 'தெரிந்த பையன் கூட்டிப் போகிறான்' என்று கிளம்பலாகாது. நாங்கள் செல்வதோ தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள கோட்டைக்கு. அதிலும் வெயில் தணிந்த டிசம்பர் விடுமுறையில்.

ஆயினும் ஒரு தாயின் கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. "எம்புள்ளைக்கு வீசிங் இருக்கு ஹஜ்ரத். எல்லாரும் போறாங்க, நான் மட்டும் வீட்ல இருக்கணுமான்னு ராத்திரியெல்லாம் அழுவுறான். அனுப்பவா வேணாவா, நீங்களே சொல்லுங்க." அவனுடைய மருத்துவரிடம் கேட்டு வருமாறு சொன்னோம். மருந்துக்குழல் கையோடு இருக்க வேண்டும், மூச்சு வாங்கினால் உடனே உட்கார வேண்டும், முடியாவிட்டால் இறங்கிவிட வேண்டும் என்று மருத்துவர் அனுமதித்தார்.

பயணத்தில் மூவர் இருந்தாலும் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுமாறு ஹதீஸ் கற்பிக்கிறது. 21 பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, குழுவுக்கொரு மாணவ அமீரை நியமித்தோம். அதே ஹதீஸ் தொகுப்புகளில் இன்னொரு செய்தியும் உண்டு: நபி (ஸல்) அவர்கள் பயணங்களில் கூட்டத்தின் பின்னால் வந்து, தளர்ந்தவர்களை நடத்தியும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டும் வருவார்கள். மலையேற்றத்தில் தேர்ந்தவர்கள் இன்றும் அனுபவமிக்க ஒருவரைக் கடைசியில்தான் நடக்க வைக்கிறார்கள். எங்களில் மூத்த உஸ்தாத் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். வீசிங் உள்ள பிள்ளையின் நடையே எல்லோருடைய நடை என்று விதி செய்தோம். வேகக்காரர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள்.

ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். கேட்கும்போது சிறிது, ஏறும்போது அப்படியன்று. படிகள் ஒரே அளவில் இல்லை, சில முழங்கால் உயரம். ஆளுக்கொரு லிட்டர் தண்ணீர் கட்டாயம் என்றிருந்தோம். தின்பண்டத்தைக் கையில் வெளிப்படையாக வைத்திருந்தவர்களுக்குக் குரங்குகள் பாடம் நடத்தின. ஏறும்போது தக்பீரும் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கம். பிள்ளைகள் முதலில் உரக்கச் சொன்னார்கள். பாதி மலையில் மூச்சு வாங்கவே குரல் தாழ்ந்தது. மூன்று இடங்களில் அந்தப் பிள்ளைக்காக நின்றோம். மூன்றாவது நிறுத்தத்தில், முன்பு முணுமுணுத்தவர்களுள் ஒருவன் அவனுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். யாரும் சொல்லவில்லை.

உச்சிக்குச் சற்று முன் பாறை பிளந்து ஆழமாகக் கிடக்கிறது. அதன் மேலுள்ள பாலத்தைக் கடந்தால்தான் மேற்கோட்டை. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை ஏன் இக்கோட்டைக்காகக் காத்துக் கிடந்தது என்பதை அந்த இடத்தில் நின்றால் விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்ளலாம். வீசிங் பிள்ளையும் பாலத்தைக் கடந்தான். மேலே நின்று சங்கராபரணியைப் பற்றிச் சொன்னோம். வில்லியனூர்ப் பாலத்தின் கீழே அவர்கள் பார்க்கும் அதே ஆற்றுக்குச் செஞ்சியாறு என்றும் பெயர். நமக்கு மலை இல்லையே தவிர, மலை அனுப்பும் தண்ணீர் நமக்கும் வருகிறது.

கீழே இறங்கியபின் சாதத்துல்லா கான் பள்ளிவாசலைக் காட்டினோம். ஆற்காட்டு நவாபான அவர் 1717-18இல் கட்டியது. 1714இல் அவருடைய படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டவர் தேசிங்கு ராஜன். நாட்டுக்கதைப் பாடலில் தேசிங்கின் உயிர்த்தோழனாக வருபவர் ஒரு முஸ்லிம், மஹபத் கான். தம் திருமணத்தையும் விட்டுவிட்டுத் தோழனுக்காகக் களம் புகுந்து இறந்தவர் என்று அப்பாடல் சொல்கிறது. "நவாபும் முஸ்லிம், அவரும் முஸ்லிம். அப்ப யார் பக்கம் சரி ஹஜ்ரத்?" என்று கேட்டான் ஒருவன். அந்தச் சண்டை மார்க்கத்துக்காக நடந்ததன்று, கப்பத்துக்காகவும் ஆட்சிக்காகவும் நடந்தது என்றோம். கொடுத்த வாக்கையும் நட்பையும் காப்பது எந்தப் பக்கத்திலிருந்தாலும் நன்று என்றும் சொன்னோம். அவன் முழுவதும் ஏற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இக்கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது மராத்தியப் படையரண்களுள் ஒன்றாக. எத்தனை கொடிகள் ஏறி இறங்கிய மலை அது!

ளுஹரைச் செஞ்சி நகரப் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழுதோம். பயணம்தானே, இரண்டு ரக்அத்தாகச் சுருக்கலாமா என்று ஆவலோடு கேட்டார்கள். மடுகரையிலிருந்து விழுப்புரம் வழியாகச் செஞ்சி ஏறத்தாழ 60 கி.மீ.; கஸ்ருக்கு நம் உலமாக்கள் சொல்லும் தொலைவோ ஏறத்தாழ 80 கி.மீ. நான்கு ரக்அத்தும் தொழவேண்டும் என்றதும் சிலருடைய முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும்.

திரும்பிய மறுநாள் பெண் பிள்ளைகளின் வகுப்பில் ஒருவரும் பாடத்தைத் திறக்கவில்லை. "நாங்களும் அதே ஸீராதானே படிக்கிறோம்?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடியவர் ஹாஜரா அம்மையார். தௌர் குகையில் இருந்தவர்களுக்கு உணவு ஆயத்தம் செய்து கொடுத்தவர் அஸ்மா (ரலி) அவர்கள். இவ்விருவரையும் அவளுக்குக் கற்பித்தவர்கள் நாங்களே. ஜமாஅத்தில் சிலருக்கு இதில் விருப்பமில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. தாய்மார்கள் உடன் வந்தால் தடையில்லை என்று முத்தவல்லி சொல்லிவிட்டார். பொங்கலுக்கு அடுத்த வாரச் சனிக்கிழமை என்று நாள் குறித்திருக்கிறோம். அதற்கு மேல் தள்ளினால் ரமலானும் கோடையும் அடுத்தடுத்து வந்துவிடும். 17 மாணவிகள் பெயர் கொடுத்துள்ளார்கள். தாய்மார்களுள் இதுவரை நால்வர். இன்னும் இருவர் வேண்டும். வர இயன்றவர்கள் வியாழன் மாலை வகுப்பு முடிவதற்குள் மத்ரஸாவில் சொல்லுங்கள். வார் வைத்த காலணியும் ஒரு லிட்டர் தண்ணீரும் போதும்.