பள்ளி பஸ்ஸும் பறந்த திரையும்

இன்றைய பங்களாதேஷின் ரங்பூர் பக்கம், பாய்ராபந்த் கிராமத்தில் 1880-ல் பிறந்தவர் ரொகேயா. பெண் பிள்ளைகளுக்கு அரபியும் உருதுவும் போதும் என்பது அந்த வீட்டின் கண்டிப்பு. எல்லோரும் தூங்கிய பிறகு, அண்ணன் இப்ராஹிம்தான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கைக்கு வங்காளமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார்.

கணவர் சகாவத் ஹுசைனோ, 'எழுது' என்று ஊக்கப்படுத்தினார். அவர் வெளியூர் போயிருந்த இரண்டு நாளில் ரொகேயா எழுதியதுதான் 'சுல்தானாவின் கனவு'. ஆண்கள் வீட்டுக்குள் அடைந்துகிடக்க, பெண்கள் நாடாளும் கதை! 1905-ல் அதை வெளியிட்டது, நம்ம சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்'.

1909-ல் கணவர் இறந்துவிட, அவர் பெயரிலேயே பள்ளி தொடங்கினார். 1911-ல் அது கல்கத்தாவுக்கு வந்தபோது எட்டே மாணவிகள். ரொகேயா பர்தாவோடு வீடு வீடாகப் போய் பிள்ளைகளைக் கேட்டார்.

நாடாளும் கதையை எழுதிவிடலாம். பள்ளி பஸ் ஓட்டுவதுதான் பெரும்பாடு. பர்தாவுக்காக நாலாபுறமும் மூடிய வண்டி வந்தது. காற்றில்லாமல் சிறுமிகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். பெற்றோர் கோபப்பட்டார்கள். சரியென்று அடைப்பைத் திறந்து, திரை தொங்கவிட்டார். இப்போது வேறு கோபம்: திரை காற்றில் பறக்கிறதாம், பிள்ளைகள் வெளியே தெரிகிறார்களாம். மிரட்டல் கடிதங்களே வந்தன. இரண்டு பக்க அடியையும் வாங்கிக்கொண்டுதான் பள்ளியை நடத்தினார். அந்த பஸ் கதையைப் பின்னாளில் அவரே எழுதிவைத்தார், கசப்பான சிரிப்போடு.

1932 டிசம்பர் 9 அதிகாலையில் அவர் இறந்தபோது, மேஜையில் ஒரு கட்டுரை பாதியில் நின்றிருந்தது. தலைப்பு, 'பெண்ணின் உரிமை'.