அத்தைக்கு என் உதடு தெரிய வேண்டும்

அத்தைக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் பால்காரரின் சைக்கிள் மணி, அப்புறம் குக்கர் விசில், அப்புறம் நாங்கள். காது மிஷின் வைத்தால் சத்தம் பெரிதாகிறது, பேச்சு பிரிந்து கேட்கவில்லை என்பாள். போனில் என் குரல் அவளுக்கு இரைச்சல்தான். ஆனால் எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்வாள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழகப் பழக வந்துவிட்டது.

நான் சென்னையில், அத்தை பாளையங்கோட்டையில். நல்ல வெப்கேம் ஒன்று வாங்கலாம் என்று கிளம்பியது இதற்காகத்தான். கடையில் 4கே என்று ஒன்றை எடுத்து வைத்தார்கள். குறுக்கே 3840 புள்ளி, நெடுக்கே 2160. எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் ராகுகாலம்கூடப் படிக்க முடிந்தது. ஆனால் வீடியோ அழைப்பில் அவ்வளவும் போய்ச் சேர்வதில்லை. நாம் அன்றாடம் பேசும் செயலிகள் பெரும்பாலும் 720, மிஞ்சினால் 1080 வரிக்குப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகின்றன. 720-க்கு நொடிக்கு 1.2 மெகாபிட் இருந்தால் போதும் என்கிற ஜூம், 1080-க்கு 3.8 கேட்கிறது. அத்தை பார்க்கப்போவது அந்தச் சுருங்கிய படத்தை, மடியில் வைத்திருக்கும் டேப்லெட்டில். கேமரா என் மேஜையில் இருந்தாலும் அதன் படம் அவளுக்குரியது. கடையில் நின்று நம் கண்ணால் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் பெயரில் காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த மிஷனரி அம்மாள் தொடங்கியது. சிறுவயதில் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போவேன். பள்ளி விட்ட நேரத்தில் பிள்ளைகள் பஸ் ஸ்டாப்பில் நின்று கையாலேயே பேசிச் சிரிப்பார்கள். அத்தை நின்று பார்ப்பாள். “பாத்தியாட்டி, சத்தமே இல்லாம என்ன பேச்சு பேசுதுவோ!” என்பாள். பின்னாளில் தனக்கும் கண்தான் காதாகப்போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகளின் கைப்பேச்சு வேறு, அத்தை உதட்டைப் படிப்பது வேறு. ஆனால் இரண்டுக்கும் அசைவு நடுவில் அறுபடக் கூடாது.

அசைவு அறுந்து வந்த காலம் ஒன்று இருந்தது. மாமா சவுதியில் தம்மாமில் இருந்தபோது, ஜங்ஷன் பக்கத்துப் பிரவுசிங் சென்டருக்கு அத்தையோடு நானும் போவேன். பலகை அடித்துப் பிரித்த சின்னச் சின்னத் தடுப்புகள், மானிட்டர் மேல் பந்துபோல ஒரு கேமரா, யாஹூ மெசஞ்சர். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சன்னல் திறக்கும், அதில் மாமா. தலையைத் திருப்பினால் திரும்பிய முகம்தான் தெரியும், திரும்புவது தெரியாது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை. குரல்தான் ஹெட்போனில் வந்துகொண்டிருந்ததே! பக்கத்துத் தடுப்பில் ஒரு பெண் கைக்குழந்தையைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அங்கே தெரிகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெப்கேம் பிறந்ததே அசைவைக் காட்ட அல்ல. 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காபி தேடி மாடிப்படி ஏறி, காலிப் பாத்திரத்தைப் பார்த்து ஏமாந்த ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பாத்திரத்தின் எதிரே ஒரு கேமராவை நிறுத்தினார்கள். 128-க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு மூன்று படம் அளவில். 1993-இல் அது இணையத்துக்கும் வந்தது, 2001-இல் நிறுத்தப்பட்டது. காபி நிறைவதைப் பார்க்க நிமிடத்துக்கு மூன்று படம் போதும். ஒரு சொல் உதட்டைக் கடந்து போவதைப் பார்க்கப் போதாது.

எவ்வளவு வேண்டும் என்று யோசித்தவர்களும் இருக்கிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999-இல், சைகை மொழிக்கும் உதட்டசைவுக்குமென்றே ஒரு வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது. நொடிக்கு 25 ஃபிரேம் அளவில் வந்தால் நல்லது என்பது அதன் சாரம். படத்தின் அளவாக அது எடுத்துக்கொண்டது 352-க்கு 288 புள்ளிதான். புள்ளிக் கணக்கைப் பெரிதாக அச்சடித்த பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறிப்பு ஞாபகத்துக்கு வரும்.

இன்றைய வெப்கேம் எதுவும் 30 ஃபிரேம் தரும். லாஜிடெக் சி920 2012-இலேயே 1080 வரியில் 30 தந்தது. பிறகு ஏன் சாயங்காலம் ஆனால் அத்தை, “ஏட்டி, வாயே தெரியலையே, என்னமோ இழுக்கு” என்கிறாள்? வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் கண் திறந்திருக்க வேண்டியிருக்கிறது. முப்பதில் ஒரு நொடி பதினைந்தில் ஒரு நொடியாகிறது. முப்பது ஃபிரேம் சொல்லாமல் கொள்ளாமல் பதினைந்தாகிறது, உதடும் கலங்குகிறது. இது பெட்டியில் எழுதியிருக்காது.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் உண்டு. உச்சி விளக்கு மூக்கின் நிழலை மேலுதட்டில் போடும். முதுகுக்குப் பின்னால் ஜன்னலோ வெள்ளைச் சுவரோ இருந்தால், கேமரா மொத்தப் படத்தையும் சராசரி போட்டு வெளிச்சத்தைக் குறைக்கும். என் முகம் கறுத்த முகம். அது முழுக்க இருட்டில் போய்விடும். ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். கோடாக் தன் நிறச் சோதனை அட்டைக்கு வெள்ளைக்காரப் பெண்களின் முகத்தை அளவாக வைத்துப் பல பத்தாண்டு ஓட்டியது. நம் நிறம் சரியாகத் தெரிய வேண்டுமென்று கேட்பதை யாரும் வீண் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம்.

டியூப் லைட்டில் படத்தின் மேல் பட்டை பட்டையாக ஏதோ ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்குகிறது. கேமராவின் அமைப்பு அமெரிக்காவுக்கேற்ற 60-இல் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அதை 50-க்கு மாற்றிவிட்டால் பட்டை போய்விடும், ஒரு பைசா செலவில்லை.

இவ்வளவு பார்த்தும் உதடு முழுதையும் சொல்லாது. ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது. க தொண்டைப் பக்கமே முடிந்துவிடும். மிச்சத்தை அத்தை என் கண்ணிலிருந்தும் கன்னத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறாள். அதனால்தான் கேமரா என் கண் மட்டத்தில் நேராக இருக்க வேண்டும் என்கிறேன். மேஜையில் மடிக்கணினியைத் தாழ வைத்தால் அவளுக்குத் தெரிவது என் தாடைதான்.

2020 மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு தொடங்கிய பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. ஊர் முழுக்க மாஸ்க் போட்டு வாயை மூடிக்கொண்டது. மருந்துக் கடையில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் யார் என்ன சொன்னாலும் அத்தைக்கு விளங்கவில்லை. பழகிய தெருவிலேயே தனித்துப்போனாள். மாஸ்க் இல்லாத வெளியாள் முகம் அவளுக்குக் கிடைத்தது திரையில் மட்டும்தான். அந்த நாட்களில் வெப்கேம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து, புத்தக அடுக்கின்மேல் போனைச் சாய்த்து வைத்துத்தான் பேசினேன். “இப்பதான்ட்டி ஒன் வாய் தெரியுது” என்றாள்.

காது மங்கிய பெரியவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். புதிய கேமராவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, போனையோ கணினியையோ கண் மட்டத்துக்கு உயர்த்தி, அவரோடு பேசிப் பாருங்கள். வாய் தெரிகிறதா என்று அவரையே கேளுங்கள். தெரியவில்லை என்றால் 1080 வரி, 30 ஃபிரேம், 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றும் வசதி, இவ்வளவு இருக்கிற கேமராவாகப் பார்த்து வாங்குங்கள். மிச்சக் காசில் முகத்துக்கு நேராக வைக்க ஒரு நல்ல மேஜை விளக்கு வாங்குங்கள்.