முதுகு நோவும் கழுத்து நெறியும்

நம்மவரிடம் ஒரு நோயைச் சொல்லிப் பாருங்கள். மருந்து சொல்லாமல் எழுந்து போகிறவர் ஒருவரும் இரார். 2016ஆம் ஆண்டு தை மாதத்தில், என் தோட்பட்டைகள் இரண்டுக்கும் நடுவே முதுகில் ஒரு நோவு தொடங்கியபோது, ஒரு கிழமைக்குள்ளேயே அதற்கு மூன்று காரணங்கள் கிடைத்துவிட்டன. "பிள்ளை, உது வாய்வு, உள்ளியைச் சுட்டுச் சாப்பிடு" என்றார் மாமி. உடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், கரும்பலகையில் எட்டி எழுதியதால் வந்த சுளுக்கு என்றார். அயல்வீட்டு அக்கா நாவூறு என்றார். என் கணவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல், கிணற்றில் தண்ணீர் அள்ளும் வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டார். உண்மையிற் சிறிது சுகம் தந்தது அந்த ஒரு மருந்துதான்.

மாசிக் கடைசியில், வலப்பக்கக் கழுத்திற் காதுக்குக் கீழே நெறி கட்டியது. முதலில் ஒன்று; பின்னர் அதன் கீழே இன்னும் இரண்டு. தொட்டால் நோகவில்லை, சிவக்கவில்லை, சூடும் இல்லை. முதுகைப் பரிகாரியார் பார்த்து எண்ணெய் தந்தார். பின்னர் ஒரு தனியார் வைத்தியர் எக்ஸ்றே எடுப்பித்து, எலும்பிற் குறையில்லையென்று நோக் குளிசை எழுதினார். கழுத்தைப் பார்த்த இன்னொருவர், கடைவாய்ப் பல்லே காரணமென்று சொல்ல, அதைப் பிடுங்கினார்கள். பல் போயிற்று, நெறி போகவில்லை.

அவர்களைக் குறைசொல்ல நான் இதனை எழுதவில்லை. நிணநீர்க் கணுக்கள் உடம்பின் காவற்காரர். தொண்டைப் புண், சொத்தைப் பல், தலையிற் பேன் கடித்த காயம் ஆகிய எதற்கும் அவை வீங்கும். இரண்டு மூன்று கிழமையில் வற்றிவிடும். முதுகு நோவும் பெரும்பாலானோருக்கு அவ்வாறே தானாகத் தணிவது. எனக்கோ இரண்டும் தணியவில்லை. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தவரும் இல்லை. முதுகைப் பார்த்தவர் கழுத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தவர் முதுகைக் கேட்கவில்லை.

சித்திரையளவில் மாலைதோறும் மெல்லிய காய்ச்சல் வந்தது. நள்ளிரவில் தலையணை நனையும்படி வியர்த்தது. நோவு உறக்கத்தைக் கலைத்தது. சட்டைகள் தொளதொளத்தன. "மெலிந்து நல்ல வடிவாய் வந்துவிட்டீர்கள்" என்று சிலர் பாராட்டவும் செய்தனர்! வீட்டிலோ எல்லோர் மனத்திலும் ஒரு சொல் இருந்தது, அது புற்றுநோய். ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருநாள் பதினாலு வயதான என் மூத்த மகளை அழைத்து, நகைகள் அலுமாரியில் எங்கே இருக்கின்றன, தம்பியின் தடுப்பூசி அட்டை எந்த உறையில் இருக்கிறது என்று காட்டினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அதைத்தான் என்னாற் தாங்க முடியவில்லை.

வைகாசியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளம் வைத்தியர் ஒருவர் என் முறைப்பாடுகள் முழுவதையும் ஒரே தாளில் எழுதினார். பின்னர் முள்ளந்தண்டில் எலும்பு எலும்பாகப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நான் வீரிட்டேன். அவர் நிமிர்ந்து, "ரீச்சர், வீட்டிலை ஆருக்கேன் முந்திக் கசம் இருந்ததோ?" என்று கேட்டார். "இல்லை" என்றேன், நான் அறிந்தமட்டில் அதுவே உண்மை. பக்கத்திலிருந்த அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரத்தம் சோதித்தார்கள், முன்கையில் ஊசி போட்டுத் தோல் தடிக்கிறதா என்று பார்த்தார்கள், எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள், நெறியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி அனுப்பினார்கள். கழுத்திலும், நெஞ்சுப்பகுதியின் நாலாம் ஐந்தாம் முள்ளெலும்புகளிலும் இருந்தது ஒரே நோய்தான், காசநோய். நுரையீரலில் ஒன்றும் இல்லை. எனக்கு ஒருநாளும் இருமல் இருந்ததில்லை. புற்றுநோயல்ல என்ற மகிழ்ச்சியில் நான் சிரித்தேன். அம்மா அழுதார்.

நெஞ்சில் மட்டுமன்றிக் கணுக்களிலும் எலும்புகளிலும் இந்நோய் குடியிருக்கும் என்பதைப் பலர் அறியார். கழுத்தைச் சுற்றி மாலை கோத்தாற்போற் கழலைகள் தோன்றுவதை நம் வைத்தியர்கள் கண்டமாலை என்றார்கள். இங்கிலாந்திலோ அரசர் கைபட்டால் அது மாறும் என்று நம்பினர். பிற்காலத்தில் அகராதி இயற்றிய சாமுவேல் ஜோன்சனைக் குழந்தைப் பருவத்தில், 1712இல், ஆன் அரசியாரிடம் கொண்டுபோனார்கள். தழும்பு சாகும்வரை இருந்தது. முள்ளெலும்பு நொறுங்கிக் கூன் விழும் நோயை 1779இற் பேர்சிவல் பொட் என்ற சத்திரவைத்தியர் விவரித்தார். 1882 மார்ச் 24இல் றொபேட் கொக் பேர்லினில் அக்கிருமியைக் கண்டறிந்து அறிவித்த பின்னரே, இவையெல்லாம் ஒரே கிருமியின் வேலையென்பது ஐயமறத் தெளிந்தது.

அன்றிரவு அடுப்படியில் அம்மா சொன்னார். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியில் ஒரே வீட்டில் ஆறு குடும்பங்கள் இருந்தோம். எனக்கு வயது பதினேழு. நாங்கள் படுத்த அறையிலேயே பெரியப்பாவும் படுத்தார்; இரவெல்லாம் இருமுவார். முட்டு என்றே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அது கசம் என்பது பெரியவர்கள் நால்வருக்கு மட்டுமே தெரியும். அவருடைய மூன்று பெண்பிள்ளைகளுக்கும் கலியாணம் ஆகவேண்டியிருந்தது. 1997இல் அவர் காலமானபோது அந்தச் சொல்லும் அவருடன் போய்விட்டது.

எனக்கு அங்கிருந்துதான் தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவரிடம் இக்கிருமி தொற்றியிருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலானோரிடம் அது விழிப்பதேயில்லை. சிலரிடம் பல ஆண்டுகள் கழித்தும் விழிக்கும். "அந்த விஷயம் முதலிலேயே தெரிந்திருந்தால், மாசியிலேயே ஆரேனும் இதைத் தேடியிருப்பினம்" என்றார்.

மருந்து இலவசம். முதல் இரண்டு மாதம் நாலு வகை, பின்னர் இரண்டு வகை. எலும்பிற் பட்டதால் எனக்குப் பன்னிரண்டு மாதம். றிபாம்பிசின் குடித்தால் சிறுநீர் செம்மஞ்சளாகும். முன்கூட்டிச் சொல்லியிராவிட்டால் இரத்தமென்று பயந்திருப்பேன். இரண்டாம் மாதத்தில் நெறி முன்னரைவிடப் பெருத்தது. கிருமி சாகும்போது அப்படியும் நேருமாம். பிள்ளைகளையும் சோதித்தார்கள், குறையில்லை. கணுவிலும் எலும்பிலும் உள்ள நோய் மூச்சுவழி பரவுவதில்லை என்று வைத்தியர் சொல்லியும், மாமி என் தேநீர்க் கோப்பையை வேறாக்கி வைத்தார். மூன்றாம் நாள் என் கணவர் அந்தக் கோப்பையை எடுத்துத் தமது தேநீரை அதிலே குடித்தார். அதன்பின் அது பழைய இடத்துக்கு வந்தது.

2017இல் மருந்து முடிவதற்குச் சற்று முன்னர் தங்கைக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். எனக்கு நரம்புத்தளர்ச்சி என்று சொல்லிவிடலாம் என்பது உறவினர் யோசனை. தரகருக்குத் தேநீர் கொண்டுவந்த அம்மா, அதை வைத்துவிட்டு, "தம்பி, மூத்தவளுக்குக் கசம் வந்தது. மருந்து குடிச்சுச் சுகம். கேட்கிற ஆக்களுக்கு அப்படியே சொல்லுங்கோ" என்றார். ஒரு வீட்டார் பின்னர் வரவில்லை. அடுத்த வீட்டார் வந்தனர். தங்கையை அங்கேதான் கொடுத்தோம்.